மூச்சு முட்டிய உயிரணு

ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டிப் பகுதி வாசகர்கள் பழவேற்காடு ஏரியை ஒட்டிய இறால் பண்ணைகளைப் பார்த்திருப்பார்கள். குளத்தின் நடுவே துடுப்புச் சக்கரங்கள் நீரை வாரி இறைத்துச் சுழன்றுகொண்டிருக்கும். நீரில் காற்றைக் கலப்பதே அவற்றின் வேலை. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் விடியற்காலை வேளையில் இந்தச் சக்கரம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? அடியில் கிடந்த இறால்கள் நிலைகொள்ளாமல் மேற்பரப்புக்கும் கரையோரத்துக்கும் வரத் தொடங்கும். மூச்சுக்குத் தவிக்கும் உயிர் இருந்த இடத்தில் இராது, இடம்பெயரும்.

புற்றுநோயைப் பற்றிய கட்டுரையில் இறாலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். புற்றுக் கட்டியின் உள்ளே இருக்கும் உயிரணுக்களும், அதாவது செல்களும், மூச்சுக்குத் தவிக்கின்றன. அந்தத் தவிப்பு அவற்றுக்கு இரண்டு வல்லமைகளைத் தந்துவிடுகிறது. ஒன்று, கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் எளிதில் மசியாத உரம். மற்றொன்று, பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பி நுரையீரல், கல்லீரல், எலும்பு எனத் தொலைவான உறுப்புகளில் போய்க் குடியேறும் துணிவு. புற்றுநோயால் நேரும் சாவுகளில் பெரும்பாலானவை முதற்கட்டியால் நேர்வதில்லை. இப்படிப் பரவிய கட்டிகளால்தான் நேர்கின்றன.

இவ்விரு வல்லமைகளும் ஒரே குறையிலிருந்து பிறக்கின்றன என்பதை அறிவியல் உலகம் தெரிந்துகொள்ள ஏறத்தாழ 90 ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றின் முதற்பாதியை எழுதியவர்கள் பெரும்பாலும் இயற்பியலார். பிற்பாதியை எழுதியவர்கள் மூலக்கூறு உயிரியலார். இரண்டு பாதிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், நம் சென்னை அடையாற்றில், விடை முழுதும் தெரியாத நிலையிலேயே சிலர் நோயாளிகளுக்காகப் போராடினார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

அடையாற்றுக்கு வந்த கோபால்ட்

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அந்தத் துயரத்தில் முளைத்தது. பல ஆண்டு முயற்சிக்குப் பின், 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். 1955இல் இளம் மருத்துவர் வி. சாந்தா அங்கு வந்து சேர்ந்தார். சர் சி. வி. இராமனின் உறவுக் குடும்பத்தில் பிறந்த அவர், 2021 ஜனவரியில் தம் 93ஆம் வயதில் மறையும்வரை அந்த நிலையத்தோடே வாழ்ந்தார்.

1957இல் அந்நிலையத்துக்குக் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்தது. ஆசியாவில் நிறுவப்பட்ட முதற்கருவிகளில் அதுவும் ஒன்று. கனடாவில் இத்தகைய கருவியால் முதன்முதலாக நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கியதே 1951இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கோபால்ட்-60 என்பது அணு உலையில் செயற்கையாக ஆக்கப்படும் கதிரியக்கத் தனிமம். அதன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். ஒவ்வொரு அணுவும் சிதையும்போது 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட இரண்டு காமாக் கதிர்களை வெளியிடுகிறது. பழைய எக்ஸ்-கதிர்க் கருவிகளின் கதிர் தோலிலேயே பெரும்பங்கு ஆற்றலைக் கொட்டித் தோலைப் புண்ணாக்கியது. காமாக் கதிரோ தோலைக் கடந்து ஆழத்திலுள்ள கட்டியைத் தாக்க வல்லது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கத்தால் வரும் வாய்ப் புற்றும், பெண்களின் கருப்பைவாய்ப் புற்றும் சென்னை மருத்துவர்கள் நாள்தோறும் கண்ட நோய்கள். இரண்டுக்கும் கதிர்வீச்சே முதன்மையான ஆயுதமாக இருந்தது.

ஆனால் ஆயுதம் கூர்மையாக இருந்தும் சில கட்டிகள் மசியவில்லை. ஒரே வகைப் புற்று, ஒரே அளவு கதிர். ஒரு நோயாளியின் கட்டி கரைந்து மறைகிறது. இன்னொருவரின் கட்டி பாதி கரைந்து பின் மீண்டும் வளர்கிறது. ஏன்? உலகெங்கும் மருத்துவர்கள் கேட்ட கேள்வி இது. இதற்கான முதல் விடை, அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரிலிருந்து கிடைத்தது.

ஓர் இயற்பியலாரும் ஒரு செடியின் வேரும்

கதிர்வீச்சுக்கும் இரத்த ஓட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்ற ஐயம் மிகப் பழையது. 1909ஆம் ஆண்டிலேயே ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். ரேடியம் உள்ள கருவியைத் தோலின்மீது அழுத்திப் பிடித்தால் தோல் அவ்வளவாகப் புண்ணாவதில்லை. அழுத்துவதால் அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைகிறது. அதனால் கதிரின் தாக்கமும் குறைகிறது என்று அவர் கருதினார். இரத்தத்தில் உள்ள எந்தப் பொருள் இதற்குக் காரணம் என்பது அப்போது தெரியவில்லை.

அதைத் திட்டமாக அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் லூயி ஹெரால்டு கிரே. கேம்பிரிட்ஜில் ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற இயற்பியலாளரான அவர், 1930களில் அணு ஆராய்ச்சியை விட்டு மருத்துவமனை ஒன்றில் இயற்பியலாராகச் சேர்ந்தார். இன்று உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவை நாம் "கிரே" என்ற அலகால் குறிக்கிறோம்; அது 1975இல் அவர் நினைவாக வைக்கப்பட்ட பெயர். ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே.

கிரேயும் அவருடன் பணிபுரிந்த ஜான் ரீடும் செடியின் இளவேர்களைக் கதிருக்கு உட்படுத்தி, வேர் எவ்வளவு வளர்ச்சி குன்றுகிறது என்று அளந்தார்கள். சுற்றியுள்ள நீரில் ஆக்சிஜன் இருந்தால் வேர் பெரிதும் குன்றியது. ஆக்சிஜனை நீக்கிவிட்டால் அதே பாதிப்பை உண்டாக்க ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் தேவைப்பட்டது! எலிகளின் புற்று உயிரணுக்களிலும் இதே விளைவு தெரிந்தது. 1953இல் கிரேயும் அவர் குழுவினரும் இதனை வெளியிட்டு, கதிர் மருத்துவத்தின் தோல்விக்கு ஆக்சிஜன் குறைவு ஒரு காரணமாகலாம் என்று அறிவித்தனர்.

ஆக்சிஜன் இங்கே செய்யும் வேலை என்ன? காமாக் கதிர் உயிரணுவுக்குள் நுழைந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. அவை பரம்பரைப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. இழையில் ஓர் எலக்ட்ரான் குறைந்த, நிலையற்ற காயங்களை உண்டாக்குகின்றன. உயிரணுவுக்குள் இருக்கும் சில கந்தகச் சேர்மங்கள் ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து அந்தக் காயத்தை உடனே ஆற்றிவிடக் கூடியவை. ஆனால் பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அது முந்திக்கொண்டு காயத்தோடு ஒட்டிக்கொள்கிறது, காயம் நிலைத்துவிடுகிறது. இந்தப் போட்டி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஆகவே கதிர் பாயும் அந்தக் கணத்தில் ஆக்சிஜன் அங்கே இருந்தாக வேண்டும். பிறகு வந்து பயனில்லை.

மாணவர்கள் எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 2 கிரே கதிர் தருகிறோம் என்று கொள்வோம். ஆக்சிஜன் உள்ள உயிரணுவுக்கு அது 2 கிரேயாகவே வேலை செய்யும். ஆக்சிஜனே இல்லாத உயிரணுவுக்கு 2-ஐ மூன்றால் வகுத்தால் வரும் 0.7 கிரே அளவுதான் உறைக்கும். நூறு உயிரணுக்களில் ஒன்றிரண்டு அப்படி மறைந்திருந்தாலும், கட்டி மீண்டும் முளைக்க அது போதும்.

இரண்டு மயிரிழைக் கனம்

புற்றுக் கட்டிக்குள் மூச்சற்ற உயிரணுக்கள் உண்மையில் இருக்கின்றனவா? 1955இல் தாம்லின்சன் என்பவருடன் சேர்ந்து கிரே இதற்கு விடை தந்தார். நுரையீரல் புற்றின் மெல்லிய சீவல்களை அவர்கள் நுண்பெருக்கியில் ஆராய்ந்தார்கள். புற்று உயிரணுக்கள் தூண் போன்ற கொத்துகளாக வளர்ந்திருந்தன; இரத்தக் குழாய்கள் தூணுக்கு வெளியேதான் இருந்தன. ஆரம் 160 மைக்ரானுக்குக் குறைந்த தூண்களில் எல்லா உயிரணுக்களும் உயிருடன் இருந்தன. 200 மைக்ரானைத் தாண்டிய தூண்களிலோ நடுப்பகுதி செத்துக் கிடந்தது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

காரணத்தை அவர்கள் விரவல் சமன்பாட்டைக் கொண்டு கணித்தார்கள். ஊதுபத்தியின் மணம் அறையில் பரவுவதைப் போல ஆக்சிஜன் இரத்தக் குழாயிலிருந்து திசுவுக்குள் விரவிச் செல்கிறது. வழியிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. சுமார் 150 மைக்ரான் தொலைவில், அதாவது ஏறக்குறைய இரண்டு மயிரிழைகளின் கனத்தில், கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. அதற்கு அப்பால் சாவு. செத்த பகுதிக்கும் செழித்த பகுதிக்கும் இடையே ஒரு மெல்லிய வளையம்; அங்கே உயிரணுக்கள் சாகவும் இல்லை, நன்றாக மூச்சு விடவும் இல்லை. இவையே கதிருக்குத் தப்பும் உயிரணுக்கள்.

எனில் நோயாளியின் இரத்தத்தில் ஆக்சிஜனை மிகுதியாக ஏற்றினால் என்ன? அதே 1955இல் இலண்டனில் சர்ச்சில்-டேவிட்சன் என்பவரும் அவர் குழுவினரும் நோயாளிகளை உயர் அழுத்த ஆக்சிஜன் நிரம்பிய கலத்தில் வைத்துக் கதிர்வீச்சு அளித்தனர். சில புற்றுகளில் பயன் தெரிந்தது. ஆனால் கருவி சிக்கலானது. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோருக்குச் செய்யக் கூடியதன்று. அந்த முறை வழக்கத்தில் நிலைக்கவில்லை.

அடையாற்று மருத்துவர்கள் வேறு வழியில் முயன்றார்கள். கதிரை மட்டும் நம்பாமல் அதனுடன் மருந்தையும் ஒருங்கே செலுத்தினால் தப்பும் உயிரணுக்களைப் பிடிக்கலாமே என்பது அவர்கள் எண்ணம். ஜப்பானில் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட பிளியோமைசின் என்ற மருந்தைக் கதிர்வீச்சுடன் சேர்த்து வாய்ப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்து, கதிர் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1977, 1980 ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகள், சேர்த்துப் பெற்றவர்களில் கட்டி முழுதும் மறைந்தோர் மிகுதி என்று காட்டின. மருந்தும் கதிரும் இணைந்த சிகிச்சை இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டின் ஏழை எளியவர்களுக்கிடையே செய்யப்பட்ட அந்த ஆய்வு, இந்த வழியின் முன்னோடிகளுள் ஒன்று. பிளியோமைசின் டி.என்.ஏ.வை வெட்டுவதற்கும் ஆக்சிஜன் தேவை என்பது இங்கே சுவையான செய்தி. மூச்சற்ற உயிரணு கதிரிலிருந்து மட்டுமன்றி, அத்தகைய மருந்திலிருந்தும் தப்பக் கூடியதே!

1996இல் பிறந்த புதுக் கேள்வி

இதுவரை நாம் கண்டது இயற்பியலும் வேதியியலும். ஆக்சிஜன் இல்லை, ஆகவே காயம் நிலைப்பதில்லை, அவ்வளவே. உயிரணு இதில் தானாக ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. பல ஆண்டுகள் விஞ்ஞானிகள் அப்படித்தான் கருதினார்கள்.

இந்தக் கருத்தை அசைத்தது ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு. ஹோக்கல், வாபெல் என்னும் இருவரும் அவர்கள் குழுவினரும் ஊசி போன்ற மின்முனையைக் கருப்பைவாய்ப் புற்றுக்குள் செலுத்தி, அங்குள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை நேரடியாக அளந்தனர். 10 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குக் குறைவான கட்டிகளை உடைய பெண்கள், மற்றவர்களைவிடக் குறைந்த காலமே நோயின்றி வாழ்ந்தனர். இதில் வியப்பில்லை, கதிர் சரியாக வேலை செய்யாமல் போயிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் 1996இல் வெளியான அவர்களின் கட்டுரையில் ஒரு புதிர் இருந்தது. கதிரே பெறாமல் அறுவை மூலம் கட்டியை அகற்றிக்கொண்ட பெண்களிடமும் இதே வேறுபாடு தெரிந்தது!

சற்று நின்று சிந்தியுங்கள். கத்திக்கு ஆக்சிஜன் தேவையில்லை. மூச்சற்ற உயிரணுவையும் மூச்சுள்ள உயிரணுவையும் கத்தி ஒரே மாதிரிதான் வெட்டி எடுக்கும். அப்படியிருந்தும் மூச்சற்ற கட்டிகள் மீண்டும் வந்தன என்றால், கத்தி வைப்பதற்கு முன்பே அவற்றின் உயிரணுக்கள் அக்கம்பக்கத்துக்குக் கிளம்பிப் போயிருக்க வேண்டும். ஆக்சிஜன் குறைவு கதிரைத் தடுக்கும் வெறும் கேடயமாக இல்லை. அது உயிரணுவின் நடத்தையையே மாற்றியிருக்கிறது. எப்படி?

கிழிக்கப்படும் தந்தி

விடை, புற்றுநோய்க்குத் தொடர்பே இல்லாத ஓர் ஆராய்ச்சியில் ஏற்கெனவே முளைத்திருந்தது. மலைமேல் வாழ்பவர்களின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் மிகுதி என்பதை நாம் அறிவோம். காற்றில் ஆக்சிஜன் குறையும்போது சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அது எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. ஆக்சிஜன் குறைந்தது என்று சிறுநீரக உயிரணுவுக்கு யார் சொல்கிறார்கள்?

அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரெக் செமென்சா இதைத் தேடினார். எரித்ரோபாய்ட்டின் மரபணுவின் அருகே வந்து ஒட்டி, அதை முடுக்கிவிடும் ஒரு புரதத்தை அவரும் வாங் என்பவரும் 1992இல் கண்டனர். ஆக்சிஜன் குறைந்தால் மட்டுமே அது தோன்றியது. அதற்கு ஹிஃப்-1 என்று பெயரிட்டனர். சிறுநீரகத்தில் மட்டுமன்றி உடலின் பலவகை உயிரணுக்களிலும் அது இருப்பது பின்னர் தெரியவந்தது.

இதன் இயக்கம் விந்தையானது. ஆக்சிஜன் குறைந்த பிறகுதான் உயிரணு இந்தப் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்குகிறது என்று எண்ணிவிடாதீர்கள். எந்நேரமும் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் சில நிமிடங்களுக்குள் அழித்தும் விடுகிறது. "மூச்சு முட்டுகிறது, உடனே உதவுக" என்று ஒரு தந்தி இடைவிடாமல் எழுதப்படுகிறது. ஆக்சிஜன் உள்ளவரை அந்தத் தந்தி அனுப்பப்படாமல் கிழித்தெறியப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழிப்பவர் இல்லாமற்போனதும் தந்தி அந்தக் கணமே போய்ச் சேர்ந்துவிடும். ஆபத்து வந்தபின் தாள் தேடி எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கிழிக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதை 2001இல் பாஸ்டன் நகரின் வில்லியம் கேலின் குழுவும் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ராட்கிளிஃப் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன. ஆக்சிஜனையும் இரும்பையும் பயன்படுத்தும் ஒரு நொதி, ஹிஃப் புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பதிக்கிறது. அந்த முத்திரையைக் கண்டதும் வி.எச்.எல். என்ற மற்றொரு புரதம் அதைப் பற்றி அழிவுக்கு அனுப்புகிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் முத்திரை இல்லை; முத்திரை இல்லாவிட்டால் அழிவும் இல்லை. செமென்சா, கேலின், ராட்கிளிஃப் மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு இதற்காகவே அளிக்கப்பட்டது.

ஓடத் தொடங்கும் உயிரணு

இந்தத் தந்தி முறை நம்மைக் காக்க ஏற்பட்டது. மலையேறுபவருக்கும், வயிற்றிலுள்ள சிசுவுக்கும், காயம்பட்ட தசைக்கும் அது உயிர்காக்கும் ஏற்பாடு. புற்று உயிரணு புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. உடலின் இந்த ஏற்பாட்டையே தனக்காகப் பயன்படுத்திக்கொள்கிறது.

தந்தி போய்ச் சேர்ந்ததும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்தெழுகின்றன. அவற்றின் வேலைகளை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, உயிரணு ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கி ஆற்றல் பெறும் வழிக்குப் பெரிதும் மாறுகிறது. புற்றுத் திசு அளவுக்கு மீறி லாக்டிக் அமிலம் உண்டாக்குகிறது என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டிருந்தார். அதற்கான காரணங்களில் ஒன்று இப்போது விளங்கியது.

இரண்டாவது, புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கும் புரதம் சுரக்கிறது. ஆனால் அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்கள் கோணல்மாணலாகவும் ஒழுக்கு உள்ளவையாகவும் இருக்கின்றன. அவற்றால் மூச்சுத் தவிப்பு முழுதும் தீர்வதில்லை. மாறாக, உயிரணுக்கள் இரத்தத்துக்குள் நுழைய அவையே வாசலாகின்றன.

மூன்றாவது, பக்கத்து உயிரணுக்களோடு தன்னைப் பிணைத்திருக்கும் புரதப் பசையை உயிரணு குறைத்துக்கொள்கிறது. கூட்டத்தில் அசையாமல் நின்ற உயிரணு, தனித்து நகரும் உயிரணுவாகிறது.

நான்காவது, லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதி வெளியேறுகிறது. அது திசுவின் நார்களைப் பின்னி இறுக்கி, உயிரணு ஊர்ந்து செல்லத் தண்டவாளம் போலாக்குகிறது. மூச்சற்ற கட்டிகள் பரவுவதற்கு இந்நொதி எவ்வளவு இன்றியமையாதது என்பதை 2006இல் எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. பரவும் புற்று உயிரணு ஒரு விதை, அது முளைக்க ஏற்ற மண் வேண்டும் என்று ஆங்கில மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இல் கூறினார். மூச்சு முட்டிய கட்டி, விதையை அனுப்புவதோடு தொலைவிலுள்ள மண்ணையும் முன்கூட்டியே பதப்படுத்துகிறது என்று தோன்றுகிறது.

ஐந்தாவது, நுழைந்த மருந்தை வெளியே இறைக்கும் பம்பு போன்ற ஒரு புரதம் உயிரணுவின் சவ்வில் பெருகுகிறது. 1976இல் கனடாவில் கண்டறியப்பட்ட இந்தப் புரதமும் ஹிஃப் தந்தியின் கட்டளைக்குக் கீழ்ப்படுவது பின்னர் தெரிந்தது.

இப்போது அந்த 1996ஆம் ஆண்டுப் புதிர் அவிழ்கிறதல்லவா? தாங்கும் உரமும் ஓடும் துணிவும் ஒரே தந்தியின் இரு வாசகங்கள். மூச்சுக் குறைவு மட்டுமே பரவலுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேறு பல சைகைகளும் உண்டு. ஆனால் சிகிச்சைத் தோல்வியையும் பரவலையும் ஒரே முடிச்சில் கட்டும் சைகைகளில் இது முதன்மையானது.

எளிய விடைகள் ஏமாற்றும்

காரணம் தெரிந்துவிட்டது, மருந்து எளிதுதானே என்று எண்ணத் தோன்றும். வரலாறு அப்படிச் செல்லவில்லை. சோகை உள்ள நோயாளிகளின் கட்டியில் ஆக்சிஜன் குறைகிறது; எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டுச் சிவப்பணுக்களைப் பெருக்கினால் கதிர் நன்கு வேலை செய்யும் என்று எதிர்பார்த்தார்கள். 2003இல் தலை, கழுத்துப் புற்று நோயாளிகளிடம் செய்த ஐரோப்பிய ஆய்வொன்றில் ஹீமோகுளோபின் உயர்ந்தது. ஆனால் ஊசி பெற்றவர்களுக்கே நோய் விரைவாக மீண்டது! ஆக்சிஜனைப் போலவே நடந்து, மூச்சற்ற உயிரணுவைக் கதிருக்குக் காட்டிக்கொடுக்கும் மருந்துகள் 1970கள் முதல் சோதிக்கப்பட்டன. சில நரம்புகளைக் கெடுத்ததால் கைவிடப்பட்டன. நிமோரசோல் என்ற ஒன்று டென்மார்க்கில் வழக்கத்துக்கு வந்தது. ஹிஃப் குடும்பத்தின் மற்றொரு புரதமான ஹிஃப்-2-ஐ நேரடியாகத் தடுக்கும் பெல்சுடிஃபான் என்ற மருந்து, வி.எச்.எல். மரபணுக் கோளாற்றால் வரும் புற்றுகளுக்கென அமெரிக்காவில் 2021இல் ஒப்புதல் பெற்றது. தந்தியைக் கண்டறிந்ததிலிருந்து அதைத் தடுக்கும் மருந்து வரை 29 ஆண்டுகள்.

ஆகவே, ஆக்சிஜன் நீர், ஆக்சிஜன் மாத்திரை என்று யாரேனும் புற்றுநோய்க்கு விற்க வந்தால் நம்பாதீர்கள். குழாயிலிருந்து 150 மைக்ரானுக்கு அப்பால் இருப்பதே சிக்கல். வயிற்றில் ஊற்றும் நீர் அங்கே போய்ச் சேராது.

நாள்தோறும் ஏன் போக வேண்டும்?

இந்த வரலாறு நமக்கு, இரயிலேறிச் சென்னைக்குச் சிகிச்சைக்குப் போய்வரும் மக்களுக்கு, என்ன சொல்கிறது?

ஆரம்பாக்கத்திலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 60 கி.மீ. அங்கிருந்து மருத்துவமனை இன்னும் தொலைவு. வாய்ப் புற்றுக்கோ கருப்பைவாய்ப் புற்றுக்கோ வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரம் கதிர்வீச்சு. ஒவ்வொரு நாளும் சில நிமிட வேலைக்காக ஒரு நாள் கூலி போகிறது. "இதையெல்லாம் ஒரே நாளில் கொடுத்து முடிக்கக் கூடாதா?" என்று தொழிற்பேட்டைத் தொழிலாளி ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. பாதியில் கட்டி சுருங்கியதும் "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடுவோரும் உண்டு.

பிரித்துப் பிரித்துக் கொடுக்கும் முறை 1920களில் பாரிஸ் நகரில் அனுபவத்தால் பிறந்தது. நலமான திசு இடைவேளையில் தன்னை ஆற்றிக்கொள்ள முடிகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை 1968இல் வான் புட்டன், கால்மன் என்னும் இருவர் எலிகளில் காட்டினர். முதல்நாள் கதிர் மூச்சுள்ள உயிரணுக்களைக் கொல்கிறது. எனவே மிஞ்சியவற்றில் மூச்சற்றவையே மிகுந்திருக்க வேண்டும். ஆனால் ஐந்து முறை கதிர் கொடுத்த பின்னும் மூச்சற்றவற்றின் விகிதம் பெரிதும் மாறாமல் முன்போலவே இருந்தது! ஆக்சிஜனை உண்ட உயிரணுக்கள் செத்ததால் அது உள்ளே செல்ல வழி கிடைத்து, மறைந்திருந்தவற்றில் ஒரு பகுதி மூச்சு விடத் தொடங்கியிருந்தது. மூச்சு விட்டால் அது கதிருக்கு இலக்கு. இவ்வாறு ஒவ்வொரு நாளும் ஓர் உறை உரிகிறது. ஒரே நாளில் மொத்தமாகக் கொடுத்தால் உள்ளே இருப்பவை தப்பிவிடும்.

பாதியில் நிறுத்துவது என்பது, கேடயத்தை இழந்து வெளிச்சத்துக்கு வந்த உயிரணுக்களை அப்படியே விட்டுவிடுவதாகும். இடையே நாட்களைத் தவறவிட்டால் தப்பியவை பெருகவும் தொடங்கும். தலை, கழுத்து, கருப்பைவாய்ப் புற்றுகளில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது என்பது பல ஆய்வுகளின் மதிப்பீடு. பத்து நாள் தவறினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்.

புகை பிடிப்பவர்களுக்கு மற்றொரு செய்தி. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடம் விடாது. 1993இல் கனடா நாட்டு ஆய்வு ஒன்று, தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெறும் காலத்திலும் புகைத்தவர்களில் 45 விழுக்காட்டினருக்கே கட்டி முழுதும் மறைந்தது என்றும், புகைக்காதவர்களில் 74 விழுக்காட்டினருக்கு மறைந்தது என்றும் காட்டியது. புற்று வந்த பின்னும் புகையை விடுவதால் பயன் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உண்மை. 150 மைக்ரான் என்ற எல்லையை மீறாத சிறு கொத்துக்குள் மூச்சுத் தவிப்பு குறைவு, தந்தியும் குறைவு. கட்டி வளர வளரத்தான் உள்ளே இருள் சூழ்கிறது. வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணையோ, வெண்படலத்தையோ, மாதவிடாய் நின்ற பின் தோன்றும் உதிரப்போக்கையோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். உங்கள் வீட்டில் யாரேனும் கதிர்வீச்சுக்குச் சென்றுகொண்டிருந்தால், "இன்று ஒரு நாள் போகாவிட்டால் என்ன?" என்று அவர் சோர்ந்து கேட்கும் காலையில், இந்தக் கட்டுரையில் படித்ததை அவருக்கு எடுத்துச் சொல்லி, கூடவே இரயிலேறுங்கள்.